ஐம்பதடிக் கயிறும் அடுத்த வீட்டுக் கிணறும்

கிணறு வெட்டக் கூப்பிடுகிறவர் தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார். செப்டிக் டேங்க் கட்டக் கூப்பிடுகிறவர் காதுக்குப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்துவார். நான் இரண்டு வேலையும் செய்தவன். அறுபதுகளின் கடைசியில் தொடங்கி எண்பதுகளின் கடைசி வரை, தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் முப்பத்தேழு கிணறு, இருநூற்றுப் பதினான்கு டேங்க். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எண்ணுகிற பழக்கம் மட்டும் நிற்கவில்லை. ஊர், மண், ஆழம், கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரம் என்று ஒவ்வொன்றையும் நாற்பது பக்க நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறும் ஒரு குழியும் வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் நீங்கள். உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். என் நோட்டில் ஒரே ஒரு பக்கத்தில்தான் தூரத்தை அடித்துத் திருத்தியிருக்கிறேன். என் அளவை நம்பியிருந்தால் ஒரு தெருவின் நல்ல கிணறு கெட்டிருக்கும். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நேராக அங்கே போக வெட்கமாக இருப்பதால் கொஞ்சம் சுற்றிப் போகிறேன்.

நிலவறை

தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் டீக்கடை வாசலில் என்னைப் பிடித்தார். நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "வீட்ல அந்த வேலை ஒண்ணு இருக்கு" என்றார். நான் பொதுவாகவே அதிகம் பேசமாட்டேன். அவர் என்னைவிடக் குறைவாகப் பேசினார். என்ன வேலை என்று இரண்டு பேரும் வாயால் சொல்லாமலே நீளம், அகலம், செங்கல், ஆரம்பிக்கிற நாள் எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டோம்.

பத்தடி நீளம், நாலடி அகலம், ஆறடி ஆழம். அவ்வளவு பெரிய பள்ளத்தை எதைப் போட்டு மறைப்பது? பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டபோது, ஜவுளிக்கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், "பட்டுச் சேலை பத்திரமா வைக்க நிலவறை கட்றோம்" என்று சொல்லிவிட்டார். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். வண்டியிலிருந்து கக்கூஸ் பீங்கானை இறக்கிய அன்று மறுபடியும் வந்தார். பீங்கானை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "எங்க வீட்லயும் ஒரு நிலவறை வேணும் மேஸ்திரி. பட்டுச் சேலையெல்லாம் கெடையாது, ஆனா வீட்ல ஒம்பது பேரு இருக்கோம்."

தளர்த்திப் பிடித்த கயிறு

டேங்க் என்பது செங்கல் கட்டி உள்ளே சிமெண்ட் பூசிய தொட்டி. விழுவது அதற்குள்ளேயே தங்கி மக்கிவிடும். மேலே தெளிகிற தண்ணீர் மட்டும் ஒரு குழாய் வழியாக உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணுக்குள் இறங்கும். தொட்டி ஒழுகாமல் இருந்தால் அதனால் ஆபத்தில்லை. ஆபத்து குழியால்தான். குடிக்கிற கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் நடுவில் ஐம்பதடி இருக்க வேண்டும் என்று பெரியகுளத்தில் ஒரு சானிடரி இன்ஸ்பெக்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். அன்றைக்கே ஐம்பதடிக்கு ஒரு நூல் கயிறு வாங்கி, பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்டேன். நனைந்தால் கயிறு சுருங்கும் என்பதால் மாதம் ஒருமுறை இரும்பு டேப்போடு வைத்துச் சரிபார்ப்பேன்.

கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பவன் சவரிமுத்து. ராயப்பன்பட்டிக் கொத்தனார், என்னோடு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன். நான் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து அவன் பேசுவான். சின்னமனூரில் ஒரு வீட்டில் கயிற்றைப் பிடித்தோம். கிணற்றிலிருந்து கடைசிச் சுவர் வரை நாற்பத்திரண்டு அடிதான் இருந்தது. முடியாது என்று நான் தலையை ஆட்டினேன். "வேணும்னா கிணத்த எட்டடி தள்ளி வச்சுக்கங்கய்யா" என்றான் சவரிமுத்து. கடைசியில் குழி அவருடைய தென்னந்தோப்புக்குப் போனது. அதற்குச் சம்மதிப்பதற்கு முன்னால் வீட்டுக்காரர் கயிற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்த முகத்தோடு சொன்னார்: "கயித்தக் கொஞ்சம் தளத்திப் பிடிங்க மேஸ்திரி, அம்பதடியும் உள்ளயே அடங்கிரும்."

வாடை

டேங்கின் மூலையில் ஒரு குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, கூரைக்கு மேலே போகும்படி விடுவோம். உள்ளே உண்டாகிற காற்று அதன் வழியாகப் போகும். இந்தக் குழாய் வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது. தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அது தகவல் சொல்லிவிடும் என்று கூச்சப்படுவார்கள்.

எங்கள் வடுகபட்டியில் ஒரு பூண்டு வியாபாரி. வீட்டின் முன்கட்டு முழுக்கப் பூண்டு மூட்டை, பின்கட்டில் காயப்போட்ட பூண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நமக்குக் கண் கரிக்கும். குழாய் நிறுத்த நான் அளவெடுத்தபோது அது வேண்டவே வேண்டாம் என்று நின்றார். குழாய் இல்லாவிட்டால் வீட்டுக்குள் வாடை வரும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் மூட்டைகளையும் என்னையும் பார்த்துவிட்டு மனசாரச் சொன்னார்: "எங்க வீட்டுக்குள்ள வர்றதுக்கு எந்த வாடைக்குய்யா தைரியம் இருக்கு?"

நிறைந்த டேங்க்

பூச்சு காய்ந்ததும் டேங்கை விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி நிறைத்து, மட்டத்தில் ஒரு கோடு போட்டு மூன்று நாள் விடுவேன். ஒரு விரல்கடை இறங்கினாலும் மறுபடி பூச வேண்டும். இறங்காவிட்டால், உள்ளே விழுவது மக்கத் தொடங்க ஒரு கூடைச் சாணியைக் கரைத்து ஊற்றி மூடிவிடுவோம். அந்தத் தண்ணீரை இறைக்கக் கூடாது. டேங்க் முதல் நாளிலிருந்தே நிறைந்துதான் இருக்கும். உள்ளே ஒரு செம்பு விழுந்தால் மறுபக்கம் ஒரு செம்பு வெளியே போகும்.

இதைப் போடியில் ஒரு மளிகைக்கடைக்காரருக்கு விளக்க நானும் சவரிமுத்துவும் ஒரு முழு முற்பகலைச் செலவழித்தோம். எத்தனை வருஷத்தில் நிறையும் என்று அவர் கேட்டார். நிறைந்தாயிற்று என்றேன். மூடியைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். தளும்பிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, அவரும் வந்து பார்த்த பிறகு சொன்னார்: "காலி டேங்க் கட்டச் சொன்னா நெறச்சுக் குடுத்துட்டுப் போறீக. இனி நாங்க எங்கன போறது?"

பருப்பு வேகிற தண்ணீர்

இனிமேல் சுற்ற முடியாது. இது எழுபதுகளின் நடுவில், அனுமந்தன்பட்டியில் நடந்தது.

சீனிச்சாமி முதலாளி ஏலக்காய் வியாபாரம் பார்த்தவர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதுத் தெருவில் தெற்குப் பார்த்து வீடு கட்டியிருந்தார். மகளுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு மதுரையில் வேலை. ஓடைப்பக்கம் போய்ப் பழக்கமில்லாதவர். ஐப்பசியில் தலைதீபாவளிக்கு வருவதற்குள் வீட்டில் கக்கூஸ் இருக்க வேண்டும் என்று புரட்டாசியில் என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தாமல் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். கட்டி முடித்தாலும் மாப்பிள்ளைதான் முதலில் திறக்க வேண்டும், அதுவரை பூட்டு என்பது ஏற்பாடு. பூட்டையும் சாவியையும் முன்கூட்டியே வாங்கி இடுப்பில் சொருகியிருந்தார்.

இடம் அவரே காட்டினார். கிணறு ஈசானி மூலை, அதாவது வடகிழக்கு. கக்கூஸுக்கு வாயு மூலை, அதாவது வடமேற்கு. வாஸ்துப்படி எல்லாம் சரி. நானும் கயிற்றைப் பிடித்தேன். அவர் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் ஐம்பத்திரண்டு அடி. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இன்னொன்றும் எழுதினேன். சிமெண்ட் குழைக்க அவர் கிணற்றில் இறைத்தபோது ஒரு கை அள்ளி வாயில் விட்டேன், உப்பு. சோப்பு நுரைக்கவே இல்லை. ஆனால் வீட்டிலிருந்து குடிக்கக் கொடுத்த சொம்புத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. கணக்கு ஒத்துவரவில்லை. அடுத்தவர் வீட்டு அடுப்படிச் சங்கதியைக் கேட்பது எப்படி என்று விட்டுவிட்டேன். முதலாளி மட்டும் சொம்பைக் காட்டி நாளுக்கு ஒருமுறையாவது சொல்லுவார்: "பருப்பு பஞ்சாட்டம் வேகுது மேஸ்திரி. இந்தத் தெருவுல எவன் வீட்லய்யா இப்பிடித் தண்ணி இருக்கு?"

ஏணிக்கு மேலே

முதலாளி வீட்டுக்கு மேற்கே சூசை வாத்தியார் வீடு. நடுவில் ஏழடிச் சுவர். அது கட்டும்போது அரையடி நிலத்தில் தகராறு வந்து, நாலு வருஷமாக இரண்டு ஆண்களுக்கும் பேச்சு இல்லை. வேலை நடந்த ஒன்பது நாளும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிணற்றுக் கப்பி கீச்சிடுவது கேட்டது. காலையில் பதினாலு தடவை. அதைக்கூட எண்ணினேனே தவிர, கிணறு எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. அது பெண்கள் தண்ணீர் இறைக்கிற இடம். சுவர் மேல் தலையை நீட்டுவது எனக்கு வராது.

கடைசி வேலை, காற்றுக் குழாய் நிறுத்துவது. ஏணியில் ஏறுவது எப்போதும் சவரிமுத்துதான். அன்று அவன் ஊரில் கோயில் திருவிழா. வழக்கத்தைவிட முன்னாலேயே வந்து நானே ஏறினேன். மூன்றாவது படியில் தலை சுவரைத் தாண்டியது. நேர் கீழே கிணறு! வாத்தியார் மனைவி ஆரோக்கியம் டீச்சர் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டே யோசித்தேன். வாத்தியாரும் வாஸ்துப்படி வடகிழக்கில் கிணறு வெட்டியிருக்கிறார். முதலாளி வடமேற்கில் குழி வெட்டியிருக்கிறார். மேற்கு வீட்டின் வடகிழக்கும் கிழக்கு வீட்டின் வடமேற்கும் ஒரே சுவரின் இரண்டு பக்கம்தானே? கண்ணைத் திறந்து பார்வையால் அளந்தேன். பதின்மூன்று அடி. தெருவில் பாதி வீட்டுக்குக் குடிதண்ணீர் அந்தக் கிணறு.

இன்னொன்றையும் பார்த்தேன். இறைத்த வாளியை டீச்சர் கிணற்றுத் திட்டின் மேல் ஏறி நின்று சுவர் மேல் தூக்கி வைத்தார். இந்தப் பக்கம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று அதை வாங்கியவர், முதலாளியின் மனைவி பேச்சியம்மாள். சொம்புத் தண்ணீரின் கணக்கு அப்போதுதான் ஒத்துவந்தது. வாளியோடு நிமிர்ந்த பேச்சியம்மாள் ஏணியில் என்னைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தார்: "மேஸ்திரி, நீங்க ஒண்ணையும் பாக்கல. ஆத்தா மேல சத்தியமா அவுகளுக்குத் தெரியக் கூடாது."

குரல் உயர்ந்தது

அன்றே முதலாளியிடம் போனேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, சுவருக்கு அந்தப் பக்கம் பார்க்காமல் விட்டுவிட்டேன், டேங்க் இருக்கட்டும், உறிஞ்சு குழியை மட்டும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், அந்தக் கூலி எனக்கு வேண்டாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"என் எடத்துல, சாஸ்திரப்படி வாயு மூலையில கட்டியிருக்கேன்" என்றார். "என் கிணத்துக்கு அம்பத்திரண்டு அடி இருக்குல்ல?"

"இருக்கு முதலாளி. வாத்தியார் கிணத்துக்குப் பதிமூணுதான்."

"அது அவன் பாடு. கிணத்தத் தள்ளி வெட்டிக்கிறச் சொல்லு. தீவாளிக்கு இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு, என்னைய வாசலெல்லாம் தோண்டச் சொல்றியா?"

வாளியைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கு அந்த நிமிஷமே முடிந்துவிடும். ஆனால் அது இரண்டு பெண்களின் நாலு வருஷ ரகசியம். சொல்லவும் முடியாது, சொல்லாமல் விட்டால் மாப்பிள்ளை பூட்டைத் திறந்த ஒரு மாதத்தில் ஒரு தெருவே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் எல்லோரும் குரலைத் தாழ்த்துவார்கள் என்றேன் அல்லவா? நான் அன்றைக்கு ஒரு தடவைதான் குரலை உயர்த்தினேன். முதலாளிக்காக இல்லை, அடுப்படி வரைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. "வாத்தியார் வீட்டுக் கிணத்துத் தண்ணி கெட்டுப்போகும் முதலாளி! அதைக் குடிக்கிறவுக எல்லாருக்கும் காலரா வரும்!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. பேச்சியம்மாள் நிலைப்படிக்கு வந்தார். "நாலு வருசமா நீங்க குடிக்கிறது அந்தக் கிணத்துத் தண்ணிதான்" என்றார். "பருப்பு வேகுறது அதுலதான். கையில இருக்க காப்பியும் அதுதான். நம்ம கிணத்துத் தண்ணியக் காட்டுனா மாடு மூஞ்சியத் திருப்பிக்கிருது."

முதலாளி டம்ளருக்குள் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மீதிக் காப்பியைக் கீழே ஊற்றுவார் என்று நினைத்தேன். சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். அப்புறம் சொன்னார்: "அந்த ஏணிய இங்கன கொண்டாங்க மேஸ்திரி. நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன்."

ஒரு கயிறு, இரண்டு பேர்

வாத்தியாரிடமும் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சவரிமுத்து பேசுகிறேன் என்றான். வேண்டாம், தப்பு செய்தவன் நான் என்று போனேன். சூசை வாத்தியார் முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார். வாளி விஷயம் வந்ததும் டீச்சர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வாத்தியார் மனைவி பக்கம் திரும்பி, "ஆறு மாசம் வர்ற கயிறு மூணு மாசத்துல தேயுதேன்னு நான் கடைக்காரன்ட்ட சண்டை போட்டுட்டு வந்தேனே?" என்று கேட்டார். டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதன் பிறகு அவர் கோபப்பட வழியில்லாமல் போய்விட்டது.

கயிறு பிடிக்க வேண்டும். இம்முறை கண்ணளவெல்லாம் கிடையாது. சவரிமுத்து சுவர் மேல் உட்கார்ந்து கயிறு உரசாமல் பார்த்துக்கொண்டான். ஒரு முனையைக் கிணற்றுத் தூணில் அழுத்திப் பிடிக்க வாத்தியார் முன்வந்தார். மறுமுனையை நான் பிடித்தால் முடிச்சை எண்ண ஆளில்லை. முதலாளி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நாலு வருஷம் பேசாத இரண்டு பேர், நடுவில் சுவர், ஒரே கயிற்றின் இரண்டு முனை. வீட்டின் மேற்குச் சந்து வழியாக முதலாளி முன்பக்கம் நடந்துகொண்டே போனார்.

"அந்தப் பக்கம் இழுக்கிறது யாரு?" என்று வாத்தியார் கேட்டார். முதலாளிதான் என்று சவரிமுத்து மேலிருந்து சொன்னான். வாத்தியார் தன் முனையைத் தூணோடு இன்னும் அழுத்திப் பிடித்தார். பிறகு முதலாளி காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னார்: "நல்லா விறைப்பா இழுத்துப் பிடிக்கச் சொல்லுப்பா. தளந்துச்சுன்னா அவுக வீட்டுப் பருப்பு வேகாது."

கன்னி மூலை

கயிறு முடிந்த இடம் முதலாளி வீட்டு முன்வாசலின் தென்மேற்கு மூலை. முதலாளி அலறிவிட்டார். தென்மேற்கு கன்னி மூலை. அங்கே பள்ளமே கூடாது, குடும்பம் விளங்காது. கிழக்கே தள்ளிக்கொண்டே போனால் அவருடைய கிணறு கயிற்றுக்குள் வந்துவிடும். உப்பாக இருந்தாலும் குளிக்கிற கிணறு. என் கணக்கில் அதற்கும் ஐம்பதுதான். கடைசியில் இரண்டு கிணற்றுக்கும், வாஸ்துவுக்கும், எனக்கும் சம்மதமான இடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. வாத்தியார் கிணற்றுக்கு ஐம்பத்தேழு, முதலாளி கிணற்றுக்கு அறுபத்தொன்று. இடம், பேச்சியம்மாள் தினமும் கோலம் போடுகிற இடம்.

"வாசல்லயா!" என்றார் முதலாளி. மூன்று தடவை சொன்னார். குழி எட்டடி ஆழம், மேலே கம்பி வைத்த கான்கிரீட் மூடி, அதன் மேல் மண் என்று நான் விளக்கினேன். "சாணி தெளிச்சா ஒண்ணும் தெரியாது, நீங்க வெட்டுங்க மேஸ்திரி" என்று பேச்சியம்மாள் முடித்துவிட்டார். பழைய குழியைக் களிமண் போட்டு இடித்து மூடினோம். டேங்கை மறுபடி மூன்று நாள் நிறைத்துப் பார்த்தேன். ஒரு விரல்கடையும் இறங்கவில்லை. டேங்கிலிருந்து வாசல் வரை அறுபத்தாறு அடிக்கு முப்பத்துமூன்று மண் குழாய், இருபது அங்குலம் வாட்டம். நடுவில் இரண்டு நாள் மழை. மூடி போட்டபோது தீபாவளிக்கு ஆறு நாள்தான் பாக்கி. முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார்: "கீழ என்ன இருக்குன்னு தெருவுல ஒரு குஞ்சுக்கும் தெரியக் கூடாது."

பதினோரு பேர்

தீபாவளிக்கு முதல் நாள் முற்பகல், மதுரை பஸ்ஸில் மாப்பிள்ளையும் பெண்ணும் வந்தார்கள். எனக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அந்தக் கான்கிரீட்டுக்கு வயது ஐந்து நாள். நான் எப்போதும் ஏழு நாள் கணக்கு வைப்பவன். மனசு கேட்காமல் சவரிமுத்துவையும் கூட்டிக்கொண்டு சைக்கிளில் போய்த் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றேன்.

வாசலில் அவ்வளவு பெரிய கோலத்தை அந்தத் தெரு பார்த்திருக்காது. தரை மேடு பள்ளம் இல்லாமல் மட்டமாகக் கிடைத்ததும் பேச்சியம்மாளுக்குக் கை நிற்கவில்லை. சரியாக மூடியின் மேலேயே போட்டிருந்தார். மாப்பிள்ளையையும் மகளையும் அதன் நடுவில் நிறுத்தி ஆலாத்தித் தட்டைத் தூக்கினார். சொந்தக்காரர்கள் சுற்றி நெருக்கினார்கள். நான் எண்ணினேன். நாலு, ஆறு, ஒன்பது. வாசல் வழியாக ஒரு குடம் நல்ல தண்ணீரோடு ஆரோக்கியம் டீச்சர் வந்து கோலத்தின் மேல் நின்றார்; பின்னாலேயே சூசை வாத்தியாரும் போய்க் கோலத்து ஓரத்தில் நின்றார். முதலாளியே அவருக்கு நகர்ந்து இடம் கொடுத்தார். அதோடு பதினொன்று. நாலு அங்குல கான்கிரீட், ஐந்து நாள், பதினோரு பேர். "அண்ணே, மூச்சை விடுங்க" என்றான் சவரிமுத்து. மூடி அசையவில்லை.

ஆலாத்தி முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குள் போகக் காலெடுத்தார். பேச்சியம்மாள் ஒரு கையில் தட்டோடு, எதிரே நின்ற என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவரைத் தடுத்தார். முதலாளிக்கு இருமல் வந்துவிட்டது. அந்த அம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது: "அங்கனயே நில்லுங்க மாப்பிள்ளை, இன்னும் ஒரு சுத்து சுத்திக்கிறேன். நம்ம வீட்லயே பாத்துப் பாத்து அளந்து வச்ச எடம் அதுதான்."

அதற்கப்புறம் அளவெடுக்கப் போகும்போதெல்லாம் கயிற்றோடு ஒரு சின்ன ஏணியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் முதலில் பக்கத்து வீட்டைப் பார்த்ததில் கிணறுகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன, ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசக் கூச்சப்பட்ட எனக்குத்தான் தேனியிலிருந்து கம்பம் வரைக்கும் 'எட்டிப் பார்க்கிற மேஸ்திரி' என்ற பெயர் நிலைத்துவிட்டது.